சிறைக்காவலும் நல்வாழ்க்கையும்



எண்வகை மார்க்கத்துள் ஐந்தாவதாகிய நல்வாழ்க்கை என்னும் அங்கத்தை ஓதுங்கால், ஒவ்வொருவரும் தத்தம் தொழிலை அதனோடு வைத்து ஒத்துப் பார்ப்பது இயல்பு. உழவன் தன் ஏரை நினைக்கின்றான். வணிகன் தன் தராசை நினைக்கின்றான். சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் குடும்பத்து இளைஞர் சிலர்க்கோ வேறொரு வினா எழுகின்றது. அரசாங்க வேலை கிடைப்பது அரிதாகிய இக்காலத்தில், சிறைத்துறையில் வார்டர் எனப்படும் காவலர் வேலை கிடைக்குமாயின் அதனை ஏற்கலாமா? மூன்று சரணமும் ஐந்து சீலமும் மேற்கொண்ட ஒருவன், மனிதரைக் கம்பிக்குள் வைத்துப் பூட்டும் தொழிலால் வயிறு வளர்க்கலாமா? அவ்வேலையில் முன்னரே அமர்ந்திருப்போர் அதனை விட்டு விலகவேண்டுமா?

இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆதலின் இதனை இன்று பாடமாக எடுத்து, நூல் கூறுவது யாது, நாட்டுச் சட்டம் கூறுவது யாது, நம் மாவட்டங்களில் உள்ள நிலை யாது என மூன்றையும் வைத்து ஆராய்வோம்.

1. நூல் கூறுவது

இல்லறத்தான் செய்யலாகாத வாணிகம் ஐந்தெனப் பகவான் வகுத்துரைத்தார். படைக்கலம் விற்றல், உயிர்களை விற்றல், இறைச்சி விற்றல், மது விற்றல், நஞ்சு விற்றல் என்பன அவை. இவற்றுள் சிறைக்காவல் இல்லை. இதனைக் கொண்டு, ‘தடை ஏதும் இல்லை, மகிழ்ச்சியோடு சேரலாம்’ என்று எளிதாக முடித்துவிடுவாரும் உளர்.

அங்ஙனம் முடித்தல் ஆகாது. மஜ்ஜிம நிகாயத்தில் கந்தரக சூத்திரம் என ஒன்றுண்டு. சம்பா நகரத்துக் கக்கரைப் பொய்கையின் கரையில், யானைப்பாகன் மகனாகிய பெஸ்ஸன் என்பானும் கந்தரகன் என்னும் துறவியும் கேட்ப உரைக்கப்பட்டது. அதில் மாந்தர் நால்வகையினர் எனப் பகவான் பகுக்கின்றார். தன்னை வருத்துவோன் ஒருவன். பிறரை வருத்துவோன் ஒருவன். தன்னையும் பிறரையும் வருத்துவோன் ஒருவன். எவரையும் வருத்தாதவன் ஒருவன். இவருள் பிறரை வருத்துவோன் யாவன் என விளக்குமிடத்து, ஆடு பன்றி அறுப்போன், பறவை பிடிப்போன், வேட்டுவன், மீன் பிடிப்போன், கள்வன், கொலைத்தண்டனை நிறைவேற்றுவோன் என்று அடுக்கி வரும் வரிசையிலே சிறைக்காவலனும் வைக்கப்பட்டிருக்கின்றான்.

நம் இளைஞர் இதனை அறிதல் வேண்டும். மறைத்தலும் மழுப்பலும் தருமத்திற்கு அழகல்ல. எனினும், சிறைக்காவலன் அவ்வரிசையில் ஏன் வைக்கப்பட்டான் என்பதையும் உடன் கேட்டல் வேண்டும்.

அக்காலத்துச் சிறை என்பது யாது? மகத வேந்தனாகிய பிம்பிசாரனை அவன் மகன் அஜாதசத்துரு சிறையிட்டு, உணவின்றி மாளச் செய்த வரலாற்றை நாம் அறிவோம். அங்கே காவலருடைய கடமை, சோறு உள்ளே போகாமற் பார்ப்பதே. அசோக மன்னரைப் பற்றிய பழைய வடமொழிக் கதையொன்றில் கிரிகன் என்பான் வருகின்றான். உள்ளே புகுந்தவர் எவரும் உயிரோடு மீளலாகாது என்று மன்னனிடம் வரம் பெற்றுக்கொண்டு சிறை நடத்தியவன் அவன். இது கதையாயினும், மக்கள் உள்ளத்தில் சிறைக்காவலன் என்ற சொல்லுக்கு இருந்த பொருளை இது காட்டுகின்றது. அவனுடைய தொழிலே வருத்துதல். வருத்தாவிடின் அவனுக்குத் தொழில் இல்லை. சூத்திரம் விலக்குவது அத்தகைய தொழிலையே.

2. செயலுக்கு வேர் எண்ணம்

எண்ணமே வினை என்பது பகவானுடைய தெளிந்த கொள்கை. ஒரே செயல் இருவர் கையில் இருவேறு வினையாகின்றது. அறுவை மருத்துவன் கத்தி வைப்பதும் கள்வன் கத்தி வைப்பதும் ஒன்றாகா.

யான் நூற்பாலையில் உழைத்த நாட்களில் ஆலை வாயிலில் காவலர் இருவர் முறைவைத்து நிற்பர். வெளியே வரும் தொழிலாளரைச் சோதித்து அனுப்புவது அவ்விருவர்க்கும் இடப்பட்ட கடமை. ஒருவர் சோற்றுத் தூக்கைத் திறக்கச் சொல்லி, பார்த்து, மூடிக் கொடுத்து, ‘போய் வாருங்கள்’ என்பார். மற்றவர் அதே தூக்கைத் தட்டிக் கவிழ்த்துச் சிரிப்பார். விதி ஒன்று, வாயில் ஒன்று, சம்பளமும் ஒன்று. முதல்வர் கையில் அது காவல். இரண்டாமவர் கையில் அது வருத்துதல்.

ஆயினும், ‘என் எண்ணம் நல்லது’ என்று சொல்லிக்கொண்டு எத்தொழிலும் செய்யலாம் என்பது இதன் பொருளாகாது. நஞ்சு விற்பவன் நல்லெண்ணத்தோடு விற்றாலும் நஞ்சு நஞ்சே. ஆதலின் நாம் கேட்க வேண்டிய அடுத்த வினா, இன்றைய சிறைக்காவலனுக்கு இடப்பட்ட கடமை வருத்துதலா, காத்தலா என்பது.

3. அசோகர் காட்டிய வழி

இக்கடமையை மாற்றி அமைக்க முதலில் முயன்ற அரசர்களுள் தலையாயவர் அசோகர். கர்நூல் மாவட்டத்து எர்ரகுடிப் பாறையில் அவருடைய பதினான்கு பேராணைகளும் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஐந்தாம் ஆணை, தரும மகாமாத்திரர் என்னும் அலுவலர்க்கு உரிய பணிகளைக் கூறுகின்றது. சிறைப்பட்டோர்க்கு உதவுதல், அவருள் பிள்ளைகளை உடையோரையும் முதியோரையும் கருதி அவர்தம் விடுதலைக்கு ஆவன செய்தல் ஆகியன அப்பணிகளுள் அடங்கும். முடிசூடி 26 ஆண்டுகளுக்குள் 25 முறை சிறைப்பட்டோரை விடுவித்ததாக அவருடைய தூண் ஆணை ஒன்று தெரிவிக்கின்றது. கொலைத்தண்டனை பெற்றோர்க்கு மூன்று நாள் தவணை தந்ததாகவும் மற்றொன்று உரைக்கின்றது.

இவற்றினும் நம் பாடத்திற்கு நெருங்கியது, கலிங்கத்துத் தௌலியிலும் ஜௌகடாவிலும் உள்ள தனி ஆணை. நகர நீதி அலுவலரை நோக்கி, மக்களுள் ஒருவன் காரணமின்றிச் சிறைப்படவும் துன்புறவும் நேரக்கூடும், அதனால் வேறு பலரும் வருந்துவர் என்று மன்னர் எச்சரிக்கின்றார். இத்தவறு நிகழ்வதற்கு வேராக உள்ள குற்றங்களையும் எண்ணிச் சொல்கின்றார்: பொறாமை, சினம், கொடுமை, அவசரம், பழக்கமின்மை, சோம்பல், களைப்பு.

இப்பட்டியலைச் சற்று உற்று நோக்குக. கொடுமைக்கு அருகில் சோம்பலும் களைப்பும் நிற்கின்றன. மனிதன் தீயவனாக இருந்துதான் பிறரைச் சிறையில் வாடவிட வேண்டும் என்பதில்லை. ஒரு காகிதத்தை நாளைக்கு எழுதலாம் என்று ஒதுக்கி வைத்தால் போதும், உள்ளே ஒருவன் மேலும் ஒரு மாதம் கிடப்பான். இருபத்திரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டிய இவ்வறிவுரையைச் சிறைவாயில் தோறும் எழுதி வைத்தாலும் தகும்.

4. இன்றைய சட்டம்

சிறைச்சாலைகளுக்கு அடிப்படைச் சட்டமாக நெடுநாள் விளங்குவது ஆங்கிலேயர் இயற்றிய 1894ஆம் ஆண்டுச் சட்டம். அச்சட்டத்தின் நோக்கெல்லாம் பூட்டும் ஒழுங்கும் தண்டனையுமே. நாடு விடுதலை பெற்று அரசியல் சாசனம் வந்தபின், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சிறிது சிறிதாக அந்நோக்கை மாற்றின. அவற்றுள் இரண்டு ஆந்திர நாட்டுச் சிறைகளிலிருந்தே எழுந்தவை.

விசாகப்பட்டினம் மத்தியச் சிறையில் இருந்தவர்கள் தொடுத்த வழக்கில், 1974இல் நீதிமன்றம் ஒரு கொள்கையை நிலைநாட்டியது. ஒருவன் தண்டனை பெற்றான் என்ற காரணத்தாலேயே தன் அடிப்படை உரிமைகள் அனைத்தையும் இழந்துவிடுவதில்லை என்பதே அது. சிறையில் அடைபட்டவனும் குடிமகனே.

மற்றொன்று கர்நூல் மாவட்டத்துக் கோவெலகுண்ட்லா கிளைச்சிறையில் நிகழ்ந்தது. 1977 மே மாதத்து இரவொன்றில் பகைவர் உட்புகுந்து வெடிகுண்டு வீசியதில், விசாரணைக் கைதியாக இருந்த ஒருவர் மாண்டார்; உடன் இருந்த அவர் மகன் காயமுற்றார். தம் உயிர்க்கு ஆபத்து உண்டென அவர்கள் முன்னரே தெரிவித்திருந்தும் போதிய காவல் இடப்படவில்லை. வழக்கு நடந்து, 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அக்குடும்பத்திற்கு அரசு இழப்பீடு தரவேண்டும் என்பதை உறுதி செய்தது. இதனால் விளங்குவது யாது? சிறைக்காவல் என்பது உள்ளிருப்பவன் வெளியே போகாமற் காப்பது மட்டுமன்று. உள்ளிருப்பவனுக்குத் தீங்கு நேராமற் காப்பதும் ஆகும். காவலன் கையிலுள்ள சாவி இரு பக்கமும் காக்கக் கடமைப்பட்டது.

1979ஆம் ஆண்டு தீர்ப்பொன்றையும் காவலர் மறவாது நினைத்தல் வேண்டும். தில்லி திகார் சிறையிலிருந்த கைதி ஒருவர், தலைமைக் காவலர் ஒருவர் பணம் பறிக்கும் பொருட்டுச் சகக் கைதியைச் சித்திரவதை செய்தார் என்று நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தையே மனுவாக ஏற்று உச்ச நீதிமன்றம் விசாரித்தது. மதிலுக்குள் நிகழ்வது மதிலோடு போயிற்று என்று எண்ணும் காலம் அன்றோடு முடிந்தது.

ஆகவே, இன்று நாட்டுச் சட்டம் காவலனுக்கு இடும் கடமை காத்தலேயாம். வருத்துதலைச் சட்டமே குற்றம் என்கின்றது. சூத்திரம் விலக்கிய பழைய தொழிலும் சட்டம் விதிக்கும் இன்றைய தொழிலும் பெயரால் ஒன்றாயினும் கடமையால் வேறு. எனினும், பெயர் ஒன்றாக இருப்பதால் பழைய தொழில் புதிய தொழிலுக்குள் நாள்தோறும் நுழையப் பார்க்கும். அதனை நுழையவிடாமை காவலனுடைய விழிப்பில் இருக்கின்றது.

5. சித்தூர், திருப்பதியின் நிலை

சித்தூர் மாவட்டச் சிறையும் திருப்பதிக் கிளைச்சிறையும் பெரிய மத்தியச் சிறைகள் போன்றவை அல்ல. இவற்றில் இருப்போருள் பெரும்பாலார் விசாரணைக் கைதிகள். அதாவது, இன்னும் குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள். நாடு முழுவதும் இதே நிலைதான். 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேருள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என அரசின் கணக்கு கூறுகின்றது. நால்வருக்கு மூவர் தீர்ப்புப் பெறாமலே அடைபட்டிருந்தனர். அவர்களுள் எவன் குற்றவாளி, எவன் அல்லன் என்பதைச் சாவி வைத்திருக்கும் காவலன் அறியான். அறியாத ஒன்றுக்காக ஒருவனைத் தண்டிக்க அவனுக்கு உரிமை ஏது?

நம் பகுதிக்கெனத் தனித் துயரம் ஒன்றுண்டு, அது செம்மரம். சேஷாசலம் மலையிலும் அதனைச் சார்ந்த காடுகளிலும் வளரும் அம்மரம் உலகில் வேறெங்கும் எளிதில் காணப்படாதது. அதனை வெட்டிக் கடத்தும் பெருவணிகர் மறைவில் இருக்க, கோடரி பிடிக்கக் கூலிக்கு அழைத்து வரப்படுவோர் பலர் தமிழ்நாட்டு மலைவாசிகளும் ஏழைத் தொழிலாளருமே. திருவண்ணாமலை, வேலூர், தருமபுரி முதலிய பகுதிகளிலிருந்தும், ஜவ்வாது மலையிலிருந்தும் அவர்கள் வருகின்றனர்.

2013 டிசம்பரில் சேஷாசலக் காட்டில் வன அலுவலர் இருவர் கொல்லப்பட்டனர். கடமை செய்யச் சென்று மாண்ட அவ்விருவர் குடும்பத்தின் கண்ணீரை நாம் மறத்தலாகாது. அவ்வழக்கில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் சிறைப்பட்டனர். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சந்திரகிரிக்கு அருகில் அதிரடிப் படையினர் சுட்டதில் இருபது தமிழ்நாட்டுத் தொழிலாளர் மாண்டனர். முற்கூறிய கொலை வழக்கிலோ, 2016 மார்ச்சில் திருப்பதி நீதிமன்றம், தமிழ்நாட்டைச் சேர்ந்த 287 பேரையும் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என விடுதலை செய்தது. அதற்குள் ஈராண்டுகளுக்கு மேற் கடந்துவிட்டன. கணவன் எங்கே என்று அறியாத மனைவியும், தந்தை முகம் மறந்த குழந்தையும் அந்த ஈராண்டில் பட்டதை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தர இயலாது.

இனி, இத்தகைய ஒருவன் சிறைவாயிலில் வந்து நிற்பதை எண்ணுங்கள். அவன் அறிந்தது தமிழ் ஒன்றே. வாரண்டு அவன் படிக்க முடியாத எழுத்தில் இருக்கின்றது. நீதிமன்றத்தில் பேசியது இன்னதென்று அவனுக்குத் தெரியாது. அடுத்த விசாரணை நாள் எது, வழக்கறிஞர் யார், வீட்டிற்குச் செய்தி போயிற்றா, ஒன்றும் அறியான். அவ்வேளையில் அவன் முன் நிற்கும் அரசாங்கம் முழுவதும் ஒரே ஒரு வார்டர்தான்.

இங்கேதான் நம் மாவட்டத்து மக்களுக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கின்றது. சித்தூர் 1911 வரை வட ஆற்காட்டு மாவட்டத்தின் தலைநகராக இருந்த ஊர். 1960இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கும் சத்தியவேடுப் பகுதி ஆந்திரத்திற்கும் மாறின. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடு எத்தனை முறை இடம் மாறினும் வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாக வாழ்வோர் இங்கே ஏராளம். அத்தகைய காவலர் ஒருவர், ‘அண்ணே, பயப்படாதீங்க, உங்க வழக்கு இன்ன தேதிக்குப் போட்டிருக்காங்க’ என்று அவன் மொழியிலே ஒரு சொல் சொல்வாராயின், அது பூட்டைத் திறவாது, ஆனால் அவனை மீண்டும் மனிதனாக்கும்.

அச்சொல்லோடு செய்யத்தக்கவை சில உண்டு. வழக்கறிஞர் வைக்க இயலாதவர்க்கு அரசே இலவசமாக வழக்கறிஞரைத் தரவேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் விதி. சிறைப்பட்டோர் அனைவரும் அதற்கு உரியவர். வருமானக் கணக்குத் தேவையில்லை. மேலும், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவின்படி, முன்பு தண்டனை எதுவும் பெறாத விசாரணைக் கைதி ஒருவர், தம்மீது சாட்டப்பட்ட குற்றத்திற்குரிய உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் பிணையில் விடத்தக்கவர், பிறர்க்குப் பாதி. தூக்கோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்க்கும் பொருந்தாது. காலம் நிறைந்தவுடன் நீதிமன்றத்திற்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருக்கு இடப்பட்டுள்ளது.

கையெழுத்து கண்காணிப்பாளருடையது; ஆனால் கொட்டடியில் யார் எத்தனை நாளாக இருக்கின்றான் என்பதை நாள்தோறும் எண்ணிப் பார்ப்பவன் வார்டர். காலையில் கதவு திறக்குமுன் எண்ணுகின்றான். மாலையில் பூட்டியபின் எண்ணுகின்றான். தலைகளை எண்ணும் அவன் நாட்களையும் எண்ணினால், ‘ஐயா, இவருக்குக் காலம் நிறைந்துவிட்டது’ என்று மேலவர்க்கு நினைவூட்டலாம். அசோகர் சொன்ன சோம்பலையும் களைப்பையும் வெல்லும் வழி அதுவே. நற்கடைப்பிடி என்னும் அங்கம் தியானப் பலகையில் மட்டும் பயிலப்படுவதன்று. கைதிப் பதிவேட்டின் முன்னும் பயிலப்படும்.

6. பஞ்சசீலமும் சாவிக்கொத்தும்

இனி ஐந்து சீலங்களையும் சிறைக்காவலரின் பணியோடு பொருத்திப் பார்ப்போம்.

உயிர்க்கு ஊறு செய்யாமை: தடியை ஓங்காமை இதன் தொடக்கமே. நள்ளிரவில் கொட்டடியிலிருந்து, ‘நெஞ்சு வலிக்கிறது’ என்று குரல் வந்தால், நடிப்பென்று திரும்பிப் படுக்காமல் மருத்துவரை அழைத்தல் இச்சீலத்தின் நிறைவு. காவலில் ஒருவர் மாண்டால் 24 மணி நேரத்திற்குள் தேசிய மனித உரிமை ஆணையத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1993 முதல் உள்ள விதி. ஆயினும் அறிக்கை அனுப்புவதினும் உயிரைக் காப்பது மேல்.

கள்ளாமை: கைதியின் பருப்பும் எண்ணெயும் அளவு குறையாமல் அவன் தட்டிற்குச் சேர்தல் வேண்டும். மனு பார்க்க வந்த தாய், முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் நூறு ரூபாய் அவள் ஊர் திரும்பும் பேருந்துக் கட்டணம். அதனை வாங்குபவன் அவளை நடக்கவிட்டவனாவான்.

பிறழ்காமம் தவிர்த்தல்: சிறைப்பட்ட பெண்ணுக்கு மறுக்கும் வலிமை இல்லை. ஆதலால் அவளிடம் பெறும் இசைவு இசைவாகாது. பெண் கைதிகளைப் பெண் காவலரே காத்தல் வேண்டும் என்னும் விதி இதனைக் கருதியே ஏற்பட்டது.

பொய் சொல்லாமை: ஐந்தினுள் காவலனை மிகச் சோதிப்பது இதுவே. புதிதாக வருபவன் உடம்பில் காயம் இருந்தால் அதனை உள்ளபடி பதிவு செய்யவேண்டும். அவ்வொரு வரி பின்னொரு நாள் நீதிமன்றத்தில் அவனுக்குச் சாட்சியாகும். ‘காயம் இல்லை’ என்று எழுதும் கை, பிறன் அடித்த அடியில் தானும் பங்கு கொள்கின்றது.

மயக்கம் தருவன விலக்கல்: தான் குடியாமை மட்டும் போதாது. கஞ்சாப் பொட்டலம் மதில் தாண்டி உள்ளே செல்லத் துணைபோகாமையும் இதனுள் அடங்கும். நஞ்சு வாணிகத்தைப் பகவான் விலக்கியதை ஈண்டு நினைவு கூர்க.

மேலவர் ஒருவர் அடி என்றால் என் செய்வது எனச் சிலர் கேட்பர். சட்டத்திற்கு மாறான கட்டளைக்குக் கீழ்ப்படியக் காவலன் கடமைப்பட்டவனல்லன். மறுத்தால் இடமாற்றமும் இன்னலும் வரலாம். அவ்வின்னலைப் பொறுத்தல் அவன் ஏற்ற சீலத்தின் விலை. அடித்தால்தான் இருக்கலாம் என்ற நிலை ஓரிடத்தில் உறுதியாகிவிடின், அன்று அது சூத்திரம் விலக்கிய தொழில். அதனை விட்டு எழுந்து வருதலே நல்வாழ்க்கை. வேறு கூலி வேலை இழிவன்று.

7. மதிலுக்குள் சாதி

சாதி வேற்றுமையை ஒழிக்கப் பாடுபடும் நாம் இதனைச் சொல்லாமற் போகலாகாது. சிறை விதி நூல்கள் பலவற்றில், சமைப்பதற்கு இன்ன சாதியார், துப்புரவுக்கு இன்ன சாதியார் எனக் கைதிகளைப் பிரிக்கும் முறை விடுதலைக்குப் பின்னும் நெடுநாள் நீடித்தது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா என்னும் பெண்மணி தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தகைய விதிகள் அரசியல் சாசனத்திற்கு முரணானவை எனத் தள்ளியது. கைதிகளின் பதிவேட்டில் சாதிக்குரிய கட்டத்தையே நீக்குமாறு ஆணையிட்டது. ஆந்திரம், தமிழ்நாடு ஆகியவற்றின் விதி நூல்களும் அத்தீர்ப்பில் ஆராயப்பட்டன.

பதிவேட்டில் கட்டம் நீங்கிவிடலாம். காவலன் நாவிலிருந்து அது நீங்கினாலன்றிப் பயனில்லை. ‘நீ என்ன ஆள்?’ என்று கேட்டுவிட்டுத் துடைப்பத்தை நீட்டும் வழக்கம் நிற்கவேண்டும். சங்கத்துள் சேர்ந்தோர், கடலிற் கலந்த ஆறுகள் போலத் தம் பழைய பெயரை இழக்கின்றனர் என்பது பகவான் வாக்கின் கருத்து. சிறைக்கதவைக் கடந்து உட்புகுந்தவர்க்கு அச்சமத்துவத்தையேனும் நாம் மறுக்கலாகாது.

8. காவலருடைய துன்பம்

கைதிக்கு விடுதலை நாள் உண்டு. காவலருக்கோ ஓய்வுபெறும் நாள் வரை அதே மதில், அதே வாயில். இரவுப் பாராவும் பகற் பாராவும் மாறி மாறி வருதலால் உறக்கம் கெடும். ஆலையில் இரவு ஷிப்டு பார்த்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. திருவிழா நாளில் திருப்பதி வீதிகள் நிறைந்திருக்க, அவர் மதிலோரம் நிற்பார். நாள் முழுதும் ஐயத்தோடு மனிதரை நோக்கியவர் வீட்டிற்கு வந்தும் மனைவி மக்களை அதே கண்ணால் நோக்கத் தொடங்குவார். பிறரை வருத்துவோன் தன்னையும் வருத்துகின்றான் என்னும் சூத்திரத்தின் மூன்றாம் வகை இவ்வாறு உண்டாகின்றது.

இதற்கு மருந்து தினமும் சிறிது நேரம் மூச்சைக் கவனித்து அமர்தலும், மைத்திரி பாவனையும் ஆகும். 1975இல் ஜெய்ப்பூர்ச் சிறையிலும், 1994இல் திகார் சிறையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர்க்கும் கோயங்காஜி விபாசனைப் பயிற்சி அளித்தபோது, சிறை அலுவலரும் அப்பயிற்சியைப் பயின்றனர். பூட்டுக்கு இரு புறமும் உள்ளவர்க்கு மனம் ஒன்றே. அதன் நோயும் ஒன்றே.

9. முடிவு

சாத்தனார் செய்த மணிமேகலைக் காப்பியத்தில், புகார் நகரத்துச் சிறைக்கோட்டம் அறக்கோட்டமான வரலாறு வருகின்றது. அமுதசுரபி ஏந்திய மணிமேகலை சிறைக்குட் புகுந்து பசித்தவர்க்கெல்லாம் சோறிட்டாள். ஒரே பாத்திரம் இத்தனை பேர்க்கு ஊட்டுவதைக் கண்டு வியந்து, அச்செய்தியை மன்னனிடம் கொண்டுபோய்ச் சொன்னவர் யாவர்? சிறைக்காவலரே. அவர்கள் அவளைத் தடுத்து விரட்டியிருக்கலாம், கண்டும் காணாதிருந்திருக்கலாம். கண்டதைக் கண்டபடி சொன்னார்கள். அதனால் மன்னன் அவளை அழைத்து, வேண்டுவது யாதெனக் கேட்டான். சிறையை அழித்து அறச்சாலையாக்குக என்றாள், அவ்வாறே ஆயிற்று.

சிறைகள் அனைத்தும் அறச்சாலையாகும் நாள் இன்னும் வரவில்லை. எவ்வளவு நல்ல காவலன் ஆயினும், குற்றமற்ற ஒருவனையும் அவன் பூட்டத்தான் நேரும். அத்துயரை அவன் தனியாக நீக்க இயலாது. ஆனால் உள்ளே நடப்பதைக் கண்டு உண்மை சொல்லும் சாட்சியாக அவன் நிற்கலாம். பசித்தவன் பசித்தான் என்றும், காயம் காயம் என்றும், காலம் நிறைந்தது நிறைந்தது என்றும் சொல்லலாம்.

ஆதலின் நம் விடை இதுவாகும். வருத்துதற்கென்று அவ்வேலையை நாடுவோனுக்கு அது தீவாழ்க்கை. சம்பளம் ஒன்றையே கருதிக் கண்ணை மூடிக்கொள்வோனுக்கும் அது நாளடைவில் தீவாழ்க்கையே ஆகும். காத்தற்கென்று ஏற்று, சீலத்தோடு நின்று, உண்மை சொல்ல அஞ்சாதவனுக்கு அது நல்வாழ்க்கை ஆகலாம். ஆனால் நாள்தோறும் சோதனைக்கு உட்பட்டது. அத்தகையோர் சிறைவாயிலில் நிற்கட்டும். அவர் விலகினால் அவ்விடத்தில் வேறொருவன் நிற்பான். அவன் யாவனோ அறியோம்.

சிந்தித்தற்குரிய வினாக்கள்

1. ஐவகை வாணிகத்துள் சேராத சிறைக்காவல், கந்தரக சூத்திரத்துள் ஏன் எடுத்துரைக்கப்பட்டது?

2. அசோகர் கூறிய குற்றங்களுள் நும் தொழிலில் நுமக்கு நெருங்கியது எது?

3. குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவனைக் காவலன் எவ்வாறு நடத்துதல் வேண்டும்? சட்டமும் சீலமும் இதில் ஒன்றுபடுமாறு எங்ஙனம்?

4. நும் ஊரில் சிறைப்பட்டவர் குடும்பம் ஏதேனும் உளதாயின், இலவசச் சட்ட உதவியைப் பற்றி அவர்க்கு யார் எடுத்துரைத்தனர்? ஒருவரும் இலராயின், அதனைச் செய்யவேண்டியவர் யார்?

பூட்டப்பட்டோரும் பூட்டுவோரும் துன்பம் நீங்கி வாழ்வாராக.